ஏழாம் செல்லைப் புழலுக்குக் கொண்டுவருவது எப்படி

கொரியாவில் 2013-ல் வந்த 'மிராக்கிள் இன் செல் நம்பர் 7' படத்தை 2022-ல் இந்தோனேசியாவில் ஹனுங் பிரமந்த்யோ மறுபடி எடுத்தார். அப்பாவாக வினோ ஜி. பாஸ்டியன், மகளாக கிராசியெல்லா அபிகெயில். அறிவுசார் குறைபாடு உள்ள அப்பா, ஒரு சிறுமியைக் கெடுத்துக் கொன்றதாகச் செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போகிறார். கூட இருக்கும் கைதிகள் அவருடைய மகளைத் திருட்டுத்தனமாக செல்லுக்குள் கொண்டுவருகிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்து அழுத கையோடு, 'இதை நம்ம ஊருல வெச்சா?' என்று கோடம்பாக்கத்திலோ சாலிகிராமத்திலோ ரூம் போட்டு டிஸ்கஷனில் உட்காருபவர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அப்பா தப்பிக்க வழியுள்ள ஒவ்வொரு கதவும் நம் கண்ணெதிரில் சாத்தப்படுவதால்தான் இந்தக் கதையில் அழுகை வருகிறது. கொரியாவில் அந்தக் கதவுகள் வேறு, ஜகார்த்தாவில் வேறு, சென்னையில் வேறு. அழுகைக் காட்சிகளை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து, கதவுகளை அங்கேயே விட்டுவிட்டு வரும் திரைக்கதை, இரண்டாம் பாதியில் 'ஒரு வக்கீல் வெச்சா முடிஞ்சிருக்குமே' என்ற ஒரே கேள்வியில் உடைந்துவிடும்.

உரிமை யாரிடம்

இந்தோனேசியப் படம் பிடித்திருக்கிறது என்பதற்காக இந்தோனேசியக் கம்பெனிக்கு மட்டும் மெயில் போட்டால் போதாது. அவர்களே ரீமேக் உரிமை வாங்கி எடுத்தவர்கள். மூலக்கதையின் உரிமை கொரியப் பக்கம் இருக்கிறது. பேச்சுவார்த்தை அங்கேதான் தொடங்க வேண்டும். இந்தோனேசியப் படத்தில் மட்டுமே இருக்கும் ஒரு காட்சியோ கதாபாத்திரமோ வேண்டும் என்றால், அதற்கு அவர்களிடமும் தனியாக எழுதி வாங்க வேண்டும். தமிழ் உரிமையோ இந்திய மொழிகள் அனைத்துக்குமான உரிமையோ ஏற்கெனவே வேறு யாருக்காவது போயிருக்கிறதா என்பதை, அட்வான்ஸ் தரும் முன் எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் மொழி, காலம், நிலப்பரப்பு மூன்றும் தெளிவாக இருக்கட்டும். 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 19-ன்படி, உரிமை மாற்றித் தரும் பத்திரத்தில் காலம் எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், நிலப்பரப்பு எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பொருள் கொள்ளப்படும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா வசூலை நம்பி பட்ஜெட் போடும் தமிழ்ப் படத்துக்கு அந்த ஒரு வரி பெரிய அடி.

'உரிமையெல்லாம் வேண்டாம், கருவை மட்டும் எடுத்துக்கலாம்' என்பவர்கள் ஒவ்வொரு டிஸ்கஷனிலும் உண்டு. வெறும் கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அது சொல்லப்பட்ட விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால், நிரபராதி அப்பா, அதிகாரியின் மகள் சாவு, முதலுதவியைத் தப்பாகப் புரிந்துகொள்வது, செல்லுக்குள் மகள், பலூன், வளர்ந்து வக்கீலாகி வரும் மகள் என்று இத்தனையும் அதே வரிசையில் வந்தால் அதற்குப் பெயர் கரு இல்லை. உழைத்தவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு எடுப்பதே சரி. ஓடிடிக்கு விற்கும்போதும் உரிமைப் பத்திரங்களைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஒரே கதை, நாலு ஊர்

கொரியப் படம், 2019-ல் வந்த துருக்கிப் படம், அதே வருடம் வந்த பிலிப்பைன்ஸ் படம், இந்தோனேசியப் படம் நான்கையும் பாருங்கள். நீளமான நோட்டு ஒன்றில் நாலு பத்தி கோடு போட்டு, காட்சிக்கு ஒரு வரி எழுதுங்கள். என்ன நடக்கிறது என்பதோடு நிறுத்தாமல், 'இது எதனால் இந்த ஊரில் சாத்தியம்' என்று பக்கத்திலேயே குறியுங்கள். மூன்று நாள் வேலை. உதவி இயக்குநரிடம் தள்ளிவிடாமல் எழுதுபவரே செய்ய வேண்டும்.

அப்படி எழுதும்போது முதலில் கண்ணில் படுவது அப்பாவின் தொழில். கொரியாவில் அவர் கடை வாசலில் வண்டிகளுக்கு இடம் காட்டுபவர். துருக்கியில் கிராமத்து மேய்ப்பர். இந்தோனேசியாவில் பலூன் விற்பவர். மூன்றும் வெறும் அலங்காரம் இல்லை. பலூன் விற்பவர் என்று வைத்தவுடன், யாருடைய குழந்தையும் அவர் பக்கத்தில் வந்து நிற்பது இயல்பாகிவிடுகிறது. அவர்மேல் சந்தேகம் விழுவதும் அதே காரணத்தால் சுலபமாகிறது. ஒரே தொழில் இரண்டு வேலை செய்கிறது.

சென்னையில் அந்த இரண்டு வேலையையும் செய்யும் தொழிலைத் தேடுங்கள். மெரினாவில் பலூன் சுடும் கடையில் ஊதிக் கட்டிக் கொடுக்கும் ஆள், பெசன்ட் நகரில் சோப்புக் குமிழி ஊதி விற்பவர், பள்ளிக்கூட வாசலில் பஞ்சுமிட்டாய்க்காரர் என்று யாராக இருந்தாலும், ஒரு வாரம் சாயங்கால நேரம் போய் நின்று பார்க்க வேண்டும். பலூன் சுடும் பலகையில் நூல் வரிசை எப்படிக் கட்டியிருக்கிறது, ஊதிய பலூனைக் கட்டும்போது எந்த விரலில் சுற்றுகிறார், கடல் காற்றில் உப்பு படிந்த துப்பாக்கியை எதைக்கொண்டு துடைக்கிறார் என்பதெல்லாம் பின்னால் செல்லுக்குள் அந்த அப்பாவின் கைவேலையாகத் திரும்ப வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர் விரல் காற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தால், அதற்கு மேல் வசனம் தேவைப்படாது.

மகள் ஆசைப்படும் பொருளையும் மாற்ற வேண்டும். கொரிய, துருக்கிப் படங்களில் அது கார்ட்டூன் படம் போட்ட பள்ளிப் பை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை அரசே இலவசமாகத் தருவதால் அந்த ஏக்கம் இங்கே பாதிதான் ஒட்டும். கார்ட்டூன் உருவத்தைக் காட்ட அந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அந்த அளவில் கடைசியாகத் தொங்கும் ஒரே ஒரு பாவாடை சட்டை என்று வைத்துப் பாருங்கள். ஒன்றுதான் மிச்சம் என்பது முக்கியம். அதை வேறொரு குழந்தை எடுத்துக்கொண்டு போவதில்தான் கதையே ஆரம்பிக்கிறது.

விபத்து

கொரியப் படத்தில் அந்தக் குழந்தை வழுக்கி விழுந்து சாவது குளிர்காலத் தெருவில். இங்கே உறைபனி கிடையாது. மழைக்கால மின்கசிவு என்று வைக்கத் தோன்றும், அதில் சிக்கல் இருக்கிறது. மின்சாரம் தாக்கிய அடையாளம் பிரேதப் பரிசோதனையில் தெரிந்தால் அப்பா அன்றைக்கே வெளியே வந்துவிடுவார். சாவின் காரணம் இரண்டு விதமாகவும் படிக்கப்படக்கூடியதாக இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் பாசி பிடித்த குளத்துப் படியில் வழுக்கி விழுவது பொருந்தும். பின்மண்டையில் அடி, நனைந்த உடை, பக்கத்தில் வேறு ஆள் இல்லை. விழுந்தாளா, தள்ளப்பட்டாளா, கல்லால் அடிக்கப்பட்டாளா என்று மருத்துவர் உறுதியாகச் சொல்ல முடியாத காயம்.

முதலுதவி ஷாட்டைத் தனியாக எழுதுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துவது, மார்பை அழுத்துவது, வாயோடு வாய் வைத்து ஊதுவது என்று அவர் எங்கோ கற்றுக்கொண்ட வரிசை அது. அந்த வரிசையை அவர் எங்கே கற்றார் என்பதை முதல் 15 நிமிடத்துக்குள் காட்டிவிட வேண்டும், அதுவும் வேடிக்கையான இடத்தில். பிறகு அதே அசைவுகளைத் தூரத்திலிருந்து, சாட்சியின் கண் உயரத்தில் பாருங்கள். செத்த குழந்தையை அதற்கு மேல் நெருங்கிக் காட்டாதீர்கள். அப்பாவின் கையும் அந்தச் சிறுமியின் ஒரு செருப்பும் போதும்.

எந்த வருடம்?

இதுதான் திரைக்கதையின் தலையாய முடிவு. 1990-களில் நடக்கிறதா, இன்றைக்கு நடக்கிறதா? இரண்டும் வேறு வேறு படம்.

இன்றைக்கு என்றால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் வருடத்து போக்சோ சட்டமும் பொருந்தும். போக்சோவில் பிரிவு 29 என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட குற்றங்களில், குற்றம் சாட்டப்பட்டவர் செய்தார் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. பேசவே திணறும் ஓர் அப்பாவுக்கு எதிராக இதைவிட வலுவான கதவு கிடையாது. பெரும்பாலான கதை விவாதங்களில் இதைத் தொடுவதே இல்லை.

ஆனால் இன்றைய கதைக்குப் பெரிய தடை காலம். கீழ் நீதிமன்றம் தூக்கு விதித்தால் உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும், மேல்முறையீடு இல்லாவிட்டாலும். பிறகு உச்ச நீதிமன்றம். பிறகு ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கருணை மனு. மனு நிராகரிக்கப்பட்டாலும் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும் என்று 2014-ல் சத்ருகன் சவுகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொல்கத்தாவில் 2004-ல் தூக்கிலிடப்பட்ட தனஞ்சய் சட்டர்ஜி அதற்கு முன் சுமார் 14 வருடம் சிறையில் இருந்தார். ஆறு வயதுப் பெண், தூக்கு நாளில் காலேஜ் போய்க்கொண்டிருப்பாள். ஒரே வருடத்தில் தீர்ப்பும் தூக்கும் முடிவதைத் தமிழ்ப் பார்வையாளர் நம்ப மாட்டார்.

தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1995-ல், சேலம் மத்திய சிறையில். ஆகவே தூக்கு வேண்டுமென்றால் கதையை 90-களுக்குத் தள்ளி, நடுவில் வருடங்கள் ஓடுவதை ஒத்துக்கொண்டு எழுதுங்கள். இன்றைய கதைதான் வேண்டும் என்றால் ஆயுள் தண்டனையை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தேர்வு ஆயுள்தான். தூக்கில் ஒரு நாள் அழுகை. ஆயுளில், ஒவ்வொரு தடவை பார்க்க வரும்போதும் மகள் ஒரு சாண் வளர்ந்திருக்கிறாள். இந்தோனேசியாவில் மரண தண்டனை துப்பாக்கிச் சூட்டில், இங்கே தூக்கில். எப்படியும் அந்தக் கடைசிக் காட்சியை அப்படியே கொண்டுவர முடியாது.

சாத்தப்படும் கதவுகள்

போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் நம் சட்டத்தில் செல்லாது. 'ஸ்டேஷன்ல அடிச்சு ஒத்துக்க வெச்சுட்டாங்க' என்று எழுதிவிட்டுத் தண்டனைக்குத் தாவினால் ஓட்டை. வாக்குமூலம் மாஜிஸ்திரேட் முன்னால் நடக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 164, புதியதில் 183. இங்கேதான் படத்தின் மிகக் கனமான காட்சி இருக்கிறது. மாஜிஸ்திரேட் நல்லவர். விதிப்படி, 'நீ வாக்குமூலம் கொடுக்கணும்னு கட்டாயம் இல்லை, கொடுத்தா அது உனக்கு எதிரா வரும், புரியுதா?' என்று கேட்கிறார். அப்பா தலையாட்டுகிறார். 'யாராவது மிரட்டினாங்களா?' அதற்கும் முதலில் ஆமாம் என்பதுபோல ஆட்டி, வாசலில் தெரியும் ஆளைப் பார்த்துவிட்டு, இல்லை என்று மாற்றி ஆட்டுகிறார். எதைக் கேட்டாலும் பெரியவர்களுக்கு ஆமாம் சொல்வது அவர் பழக்கம் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். மகளை வைத்து மிரட்டியதும் தெரியும். டைப் அடிக்கும் சத்தம் மட்டும் ஓடட்டும்.

அடுத்தது, பொருள் மீட்பு. போலீஸிடம் சொன்ன வாக்குமூலம் செல்லாவிட்டாலும், அவர் காட்டிக் கொடுத்துக் கண்டெடுத்த பொருள் சாட்சியாகும். அந்தப் பாவாடை சட்டைப் பை எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியும், காட்டுவார். அவ்வளவுதான், பூட்டு விழுந்துவிட்டது.

மூன்றாவது கதவை மறந்தால் படமே விழும். அறிவுசார் குறைபாட்டால் தன் தரப்பைச் சொல்ல இயலாதவர் என்று தோன்றினால், நீதிமன்றம் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி விசாரிக்க வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு ஒரு கடிதம் போனாலே கதை திசை மாறும். ஏன் போகவில்லை? மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அவரிடம் இல்லை, யாரும் எடுத்துத் தரவில்லை. இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் வாய்தாவுக்கு வாய்தா மாறுகிறார். அப்பா கோர்ட்டில் அமைதியாக நிற்பதால் யாருக்கும் தோன்றவில்லை. இந்த மூன்றையும் வசனமாகச் சொல்லாமல் சின்னச் சின்ன ஷாட்டாக முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பின்னால் வளர்ந்த மகள் வழக்கைத் திறக்கும்போது இதே ஓட்டைதான் அவளுக்குச் சாவி.

செத்த குழந்தையின் அப்பா பெரிய போலீஸ் அதிகாரி என்றால், 'விசாரணையை சிபிசிஐடிக்கு மாத்துங்க' என்று எந்தப் புது வக்கீலும் உயர் நீதிமன்றம் போவார். அந்த மனுவையும் போடுங்கள், தள்ளுபடி ஆகட்டும். அல்லது அவரைப் போலீஸ் இல்லாமல், மக்கள் மதிக்கும் டாக்டராக ஆக்குங்கள். யாரும் சதி செய்யாமலே ஊரே அவர் பக்கம் நிற்பது இன்னும் கொடுமை.

புழலுக்குள்ளே

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த பழைய மத்திய சிறை 2006-ல் புழலுக்கு மாறியது, கட்டடம் 2009-ல் இடிக்கப்பட்டது. 90-களின் கதை என்றால் அந்தப் பழைய ஜெயிலைத்தான் செட் போட வேண்டும். இன்றைக்கு என்றால் புழலில் தண்டனைக் கைதிகளுக்குத் தனிச் சிறை, விசாரணைக் கைதிகளுக்குத் தனிச் சிறை. இது திரைக்கதைக்கு நேரடி அடி. தீர்ப்புக்கு முன்னால் கூட இருந்த ஆட்கள் தீர்ப்புக்குப் பின்னால் கூட இருக்க மாட்டார்கள்! 'செல் நண்பர்கள்' கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க, மகள் உள்ளே வரும் பகுதி முழுவதையும் விசாரணைக் கைதியாக இருக்கும் மாதங்களிலேயே முடியுங்கள். பைக் திருடன், போலிப் பத்திரக்காரன், அடிதடி கேஸ், கொலைக் கேஸில் மாட்டிய பெரியவர் என்று எல்லோரும் வாய்தாவுக்குப் போய்வருபவர்கள். ஒவ்வொருவராக ஜாமீனில் போய், செல் காலியாவதே இடைவேளைக்குப் பிந்தைய சோகம்.

பெண் கைதிகள் தங்கள் குழந்தையை 6 வயது வரை கூட வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அப்பாவுக்கு அந்த விதி இல்லை. ஒரு வார்டர் வாயால் இந்த ஒரு வரியைச் சொல்லவைத்தால், மகளைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவருவதன் காரணம் புரிந்துவிடும். தனியாக நிற்கும் குழந்தையை குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும், அங்கிருந்து இல்லம். ஆகவே அவள் எங்கே தூங்குகிறாள் என்பதற்கு ஒரு பதில் வைத்திருங்கள்.

உள்ளே எப்படி வருவாள்? கைதிகளைப் பார்க்க வருபவர்களின் வழி வேண்டாம், அங்கே சோதனை கடுமை. சிறையில் கைதிகள் செய்யும் ரொட்டி, பிஸ்கெட் எல்லாம் சிறைச் சந்தையில் விற்பனைக்கு வெளியே போகின்றன. வெளியே போகும் வண்டி காலித் தட்டுகளோடு திரும்பி வரும். வெளியே போகும்போது குடையும் அளவுக்கு உள்ளே வரும்போது குடைய மாட்டார்கள் என்று ஒரு கைதி கணக்குப் போடட்டும். இது நிஜத்தில் நடக்காது, படத்தில் நடக்கலாம். பார்வையாளர் ஒரே ஒரு நடக்காத காரியத்தைத்தான் மன்னிப்பார். அதை இதற்குச் செலவழித்துவிட்டால், பலூனில் ஏறித் தப்பிக்கும் காட்சியை விட்டுவிட வேண்டியதுதான்.

பேச்சும் முக்கியம். உறவினர் வந்து பார்ப்பதை உள்ளே 'மனு' என்பார்கள். 'இன்னைக்கு எனக்கு மனு வந்துச்சு' என்று ஒருவன் சொல்லும்போது, மனு வராதவன் முகத்தில் கேமரா இருக்க வேண்டும். அதிகாரிகளை 'ஐயா' என்பார்கள், மூத்த கைதியை 'அண்ணே'. வட சென்னைப் பெண் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். அவர் அவளைப் பெயர் சொல்ல மாட்டார், 'பாப்பா'. சப்டைட்டிலில் வரும் நன்றி வசனங்களை அப்படியே எழுதினால் செத்த வசனம். நம் வீட்டில் அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதில்லை. கடித்த பன்னில் பாதியைப் பாவாடையில் முடிந்து கொண்டுவந்து, 'உனுக்குதான் நைனா, எறும்பு துன்னுட்ச்சு கொஞ்சம்' என்று நீட்டுவாள். அவர் எறும்பை ஒவ்வொன்றாக ஊதித் தள்ளிவிட்டு, முதல் வாயை அவளுக்கே ஊட்டுவார்.

அப்பாவாக நடிப்பவர்

2011-ல் வந்த 'தெய்வத்திருமகள்' தமிழ்நாட்டில் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. அந்த நடையும் குரலும் வந்துவிட்டால் படம் முதல் ரீலிலேயே இன்னொன்றின் நிழலாகும். முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்துக்கு எழுதி, முறைப்படி அனுமதி வாங்கி, தொழில் கற்கும் பெரியவர்களோடு நடிகர் இரண்டு மூன்று வாரம் இருக்கட்டும். குழந்தைத்தனம் என்று நினைத்திருந்த இடத்தில் பிடிவாதமும் ஒழுங்கும் கூச்சமும் இருப்பதைப் பார்ப்பார். ஒரு செயலுக்கு ஒரே வரிசை, அதைக் கலைத்தால் வரும் தவிப்பு. இதைப் பிடித்தால் போதும், வாய் கோண வேண்டாம். அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும் அவரோடு சேர்ந்து சிரிப்பதற்கும் இடையிலுள்ள கோட்டை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே நிபுன் மல்ஹோத்ரா வழக்கில் வரைந்து காட்டியிருக்கிறது. வசனம் எழுதும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

மகளாக நடிக்கும் குழந்தை

செலவுத் திட்டம் போடும்போதே விதிகளைப் பக்கத்தில் வையுங்கள். குழந்தைத் தொழிலாளர் திருத்த விதிகளின்படி (2017) ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவெளி இல்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். படிப்பு தடைபடக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பு நிதியாகப் போக வேண்டும்.

இந்தக் கதையில் பாதிக் காட்சிகளில் அவள் இருக்கிறாள். ஒரு கால்ஷீட்டில் 5 மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், மேக்கப், சாப்பாடு, ஹோம்வொர்க் எல்லாம் போக கேமரா முன்னால் கிடைப்பது மூன்றரை மணி. நாளைக்கு ஒன்றரைக் காட்சி என்று கணக்குப் போடுங்கள். செல் செட்டில் இரண்டு சுவராவது கழற்றி மாட்டும்படி ஆர்ட் டைரக்டரிடம் சொல்லுங்கள். லைட்டை நகர்த்தும் நேரம் பாதியாகும், அந்த நேரமெல்லாம் குழந்தைக்குத்தான் மிச்சம்.

அழ வைப்பதற்காக 'உங்கப்பா போயிட்டாரு' என்று காதில் பொய் சொல்லும் வழக்கம் இன்னும் சில செட்டுகளில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், குழந்தை அதை மறக்காது. பிரியும் காட்சியில் மகள் அழுதே ஆக வேண்டும் என்பதும் இல்லை. காட்சிகளை வரிசைப்படி எடுக்க முடியாவிட்டாலும், பிரியும் காட்சியைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதல் வாரத்தின் முடிவில், குழந்தையும் நடிகரும் பழகிவிட்ட பிறகு, காலை முதல் ஷாட்டாக எடுங்கள். மத்தியானம் அதே செட்டில் பலூன் ஊதும் காட்சியை வைத்து, அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகும்படி அன்றைய சீன் ஆர்டரைப் போடுங்கள்.